படம் எடுக்காத ஞாயிறுகள்

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ், பெரிய தம்பி கஸ்பார், சின்னத் தம்பி வென்சஸ். அழைக்காமல் வந்தது பக்கத்து வீட்டு ஆடு. வேறு யாரும் இல்லை.

காலைப் பூசை முடிந்து வந்ததும் தொடங்கினோம். கஸ்பாரின் பைக்கை வென்சஸ் வாங்கிப் போய், சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்திய சண்டைதான் இன்றைய படம். வியாழக்கிழமை உண்மையிலேயே நடந்த சண்டை. எங்கள் படங்கள் எல்லாமே அப்படித்தான். வாரத்தில் இரண்டு பேரும் எதற்காவது முட்டிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அதையே ஆளை மாற்றி நடிப்பார்கள். அண்ணனாகத் தம்பி, தம்பியாக அண்ணன். சின்ன வயதில் இவர்கள் அடித்துக்கொண்டால் அம்மா கொடுத்த தண்டனை அது. "மாத்திப் பேசுங்கலே" என்பாள். இவன் நியாயத்தை அவன் சொல்ல வேண்டும், அவன் நியாயத்தை இவன். முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்கள். யூடியூபில் எங்கள் சேனலுக்கும் அதே பெயர்தான், மாத்திப் பேசு.

வென்சஸுக்கு என் கண்மையால் மீசை வரைந்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கஸ்பார் தூக்குவது போலவே ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்று அவன் கேட்டதில், எதிரே நின்ற கஸ்பார் தன் வசனத்தை மறந்து சிரித்துக்கொண்டே இருந்தான். திரும்பத் திரும்ப எடுத்தோம். கடைசியாகச் சரியாக வந்தபோது ஆடு குறுக்கே போய் பைக் சீட்டை நக்கியது. ஆடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். என் வீட்டுக்காரர் கேமராவுக்குக் குடை பிடித்தார். வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை.

சீலா மீன் குழம்பு. பெரிய பானைச் சோறு. எல்லாம் தீர்ந்தது.

இனி ஈஸ்டர் வரை படம் இல்லை. தவக்காலத்தில் சிரிப்புப் படம் எடுப்பதில்லை என்பது நான் வைத்த சட்டம். கஸ்பார் முனகினான். அழுகைப் படம் எடுக்கலாமா என்று வென்சஸ் கேட்டான். அதுவும் கூடாது என்றேன்.

பிப்ரவரி 14, விபூதிப் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். சாமியார் வைத்த சாம்பல் மூக்கில் விழுந்து தும்மினேன். இந்த வருஷம் மீனையும் இனிப்பையும் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15, வியாழன்

புளி ஆய்ந்து வெயிலில் வைத்தேன். பதினொரு மணி வாக்கில் சென்னையிலிருந்து ஒரு போன். சேனலில் என் நம்பர்தான் போட்டிருக்கிறது. தம்பிகள் இரண்டு பேரும் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். மேலும், படங்களை ஏற்றுவதும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள். வீடியோ பார்த்தே வீடியோ ஏற்றக் கற்றுக்கொண்டேன்.

பேசிய பெண்ணின் பெயர் ஹரிணி. அவர்கள் கம்பெனி வாரா வாரம் வருகிற ஒரு குடும்பக் காமெடித் தொடர் எடுக்கப் போகிறதாம். எங்கள் படத்தில் மீசை வரைந்துகொண்டு அண்ணனாக நடிப்பவர் வேண்டுமாம். ஒரு வருஷம் சென்னையிலேயே இருக்க வேண்டும். தங்க இடம் கொடுப்பார்கள். மார்ச் கடைசிக்குள் ஆள் முடிவாக வேண்டும்.

அவன் கூட நடிக்கிறவனும் வரலாமா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவர் வேண்டாம் மேடம். அவர் கொஞ்சம் ஓவரா பண்றாரு. இவருக்குத்தான் அது தானா வருது."

தம்பி ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன். வென்சஸ் அந்நேரம் இரண்டு தெரு தள்ளி ஸ்டுடியோவில் ஒரு கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தவக்காலம் ஜெபத்துக்கான காலம். பெரிய முடிவுகளை ஈஸ்டருக்குப் பிறகு எடுப்பதே நல்லது. புளியைக் காக்கை இழுத்துவிட்டது.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசைக்குப் பிறகு யாரும் வரவில்லை. வருவதற்கு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை இரண்டு தடவை படித்தார். இந்த வீட்டில் சத்தம் போட வேறு ஆள் கிடையாது. ஆண்டவர் எங்களுக்குப் பிள்ளை தரவில்லை. தராததற்குக் கணக்குக் கேட்பதை நான் நிறுத்திப் பல வருஷமாகிறது.

கை வாக்கில் பெரிய பானையை வைத்துவிட்டேன். சோறு மிஞ்சியது. தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பழைய சோறு. காலையும் மதியமும்.

பிப்ரவரி 23, வெள்ளி

சிலுவைப் பாதைக்குக் கஸ்பாரும் வென்சஸும் வந்திருந்தார்கள். ஆண்டவர் இரண்டாம் தடவை விழுகிற நிலையில் முழங்கால் போட்ட கஸ்பார் எழும்பச் சிரமப்பட்டான். வென்சஸ் கைகொடுத்துத் தூக்கினான். தூக்கும்போது காதில் என்னவோ சொன்னான், இரண்டு பேர் தோளும் குலுங்கின. நான் திரும்பிப் பார்த்ததும் நின்றது. வெளியே வந்து கேட்டேன். ஆண்டவரைவிட அண்ணன் கனம் என்றானாம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு கஸ்பாருக்குத் துறைமுக வேலை போனது. அதன் பிறகு அவன் குடித்தான். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீடு போனாள். ஒரு சாயங்காலம் வென்சஸ் அவனை ரோட்டிலிருந்து தூக்கிவந்து என் வீட்டில் போட்டான். மறுநாள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. நான் குறுக்கே நின்று, மாத்திப் பேசுங்கலே என்றேன். வென்சஸ் குடிகாரனாகத் தரையில் உருண்டான். கஸ்பார் தம்பியாக நின்று அவனைத் திட்ட வேண்டும். திட்ட ஆரம்பித்தான், சிரித்தான், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வென்சஸ் அதை மறுபடியும் செய்து போனில் எடுத்ததுதான் எங்கள் முதல் படம். அதிலிருந்து கஸ்பார் குடிக்கவில்லை. உப்புக் கம்பெனி எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தான். பெண்டாட்டி திரும்பி வந்தாள்.

படங்கள் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

மார்ச் 1, வெள்ளி

ஹரிணி மறுபடி பேசினாள். தம்பி தியானத்துக்குப் போயிருக்கிறான், அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். எத்தனை நாள் தியானம் என்று கேட்டாள். நீண்ட தியானம் என்றேன். ரொம்ப நல்ல பையன் போல என்றாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

முருங்கைக்கீரை.

மார்ச் 3, ஞாயிறு

மத்தியானம் வென்சஸ் மட்டும் வந்தான். ஸ்டுடியோவில் வேலை குறைவு. இப்போது எல்லாரும் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்களாம். முதலாளி பாதி இடத்தை ஜெராக்ஸ் கடைக்கு விடப் போகிறார். என் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆளாகவும் எடுக்கிற ஆளாகவும் மாறி மாறிச் செய்து காட்டினான். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார்.

போகும்போது வாசலில் செருப்பைத் தேடுவது போல நின்றான்.

"அக்கா, நான் நல்லாவா நடிக்கேன்? நம்ம ஆளுவ சொல்லுதத விடு. வெளி ஆள் பாத்தா?"

நல்லாத்தான் நடிக்கிறாய் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போ என்றேன். குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். இன்னொன்றும் குடித்தான்.

மார்ச் 10, ஞாயிறு

கஸ்பார் பூசையில் இல்லை. போனும் எடுக்கவில்லை. தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். பெண்டாட்டி பிள்ளையோடு சந்தைக்குப் போயிருந்தாள். அவன் பின்பக்கம் குத்தவைத்து ஒழுகுகிற குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் தண்ணீர் நிற்கவே இல்லையாம், முதல் பூசைக்கும் போக முடியவில்லை, சாயங்காலப் பூசைக்குப் போவேன் என்றான். தூக்குவாளியைக் கொடுக்கக் கிட்டே போய்க் குனிந்தேன். பாக்கு வாசனை, துரு வாசனை. வேறொன்றும் இல்லை.

"மோந்து பாத்தாச்சாக்கா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஞ்சி ஆறுகிறது என்றேன்.

அவனாகவே பிறகு பேசினான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்றே தெரியவில்லை, அதனால்தான் நன்றாக இருந்த குழாயைக் கழற்றினேன், இப்போது உண்மையாகவே ஒழுகுகிறது என்றான். இதைப் படமாக எடுக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. இரண்டு பேரும் சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மூன்றாம் தடவை போன் அடித்தது. எடுக்கவில்லை. கையில் மாவு இருந்தது.

என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்து, யார் என்று பார்த்து, மேசையிலேயே வைத்தார். "அந்தப் பிள்ளை நாளைக்கும் அடிக்கும்" என்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவுமில்லை.

நாளைக்கு அடிக்கவில்லை. (இதை 16-ஆம் தேதி சேர்த்து எழுதுகிறேன்.)

மார்ச் 24, குருத்து ஞாயிறு

குருத்தோலை மந்திரித்து வாங்கி வந்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன். ஆண்டவருடைய பாடுகளின் வாசகம் நீளம், எல்லாரும் நின்றுகொண்டே கேட்க வேண்டும். இராயப்பர் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று பொய் சொல்கிற இடம் வந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். உள்ளே வரும்போது அந்தப் பகுதி முடிந்திருந்தது.

வெயில் அதிகம். இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டேன். பனங்கற்கண்டு இனிப்பில் சேருமா என்று யோசித்துத் துப்பிவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

எங்கள் பெட்ரோல் படத்தின் அடியில் யாரோ எழுதியிருந்தார்களாம்: "அண்ணாவா நடிச்சவர் தியானம் முடிஞ்சு வந்துட்டாரா? நாங்க இன்னும் காத்திருக்கோம். ஹரிணி." வென்சஸ் அதைப் பார்த்துவிட்டு, அது யார், என்ன தியானம் என்று அங்கேயே பதில் எழுதிக் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிப்ரவரி மாதமே கேட்டோமே, அக்காவிடம் பேசினோமே என்று.

சாயங்காலம் வந்தான். செருப்போடு உள்ளே வந்தான். போனை என் முன்னால் அரிசி முறத்தில் வைத்தான். நான் படித்தேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எனக்கு வந்ததக்கா" என்றான். "எனக்குன்னு வந்தது."

கஸ்பாரை நினைத்துத்தான் என்றேன். அண்ணனுக்கு என்ன என்று கேட்டான். நான் கல் பொறுக்கினேன். அப்படியென்றால் என்னை அண்ணனுக்கு மருந்தாக வைத்திருக்கிறாயா என்று கேட்டான். அரிசியில் கல் அதிகமாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம் அவனையே பேசிவிடச் சொன்னேன். முடியாது என்றான். "நீ சாத்துன கதவு. நீயே தட்டு."

மார்ச் 27, புதன்

ஒட்டடை அடித்தேன். யாரும் வரவில்லை, யாரும் பேசவில்லை.

மார்ச் 28, பெரிய வியாழன்

பாதம் கழுவுகிற பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு தம்பிகளும் ஒன்றாக வந்தார்கள். கூட்டிவந்தது கஸ்பார் என்று வென்சஸின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாம் கஸ்பாருக்கும் தெரிந்துவிட்டது, ஓவராகப் பண்ணுகிறார் என்ற சொல் உட்பட. அதையும் அந்தப் பெண் எழுதியிருக்கிறாள்.

கஸ்பார் உட்கார்ந்தான். மாத்திப் பேசுவோம் என்றான்.

தவக்காலம் என்றேன். கேமரா இல்லை, காமெடி இல்லை, அம்மா செய்தது போலத்தான் என்றான். இவன் நீ, நீ இவன் என்று கையால் காட்டினான். என்னை யாரும் இதுவரை நடிக்கச் சொன்னதில்லை.

வென்சஸ் முதலில் மறுத்தான். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். என் ஜெபமாலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அடுப்பங்கரைக்குப் போய், காலிச் சட்டியைக் கிண்டத் தொடங்கினான். ஒரு கையில் கரண்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"ஆமா மேடம், தியானத்துலதான் இருக்கான். இல்ல, போன் வைக்க விடமாட்டாவ. மூச்சு விடவே சாமியார்ட்ட கேக்கணும். நல்ல பையன்லா, நல்ல பையன். இருங்க மேடம், அருள் நிறைந்த மரியே... சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சத்தமாகச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்ட நினைவில்லை. நான் அப்படித்தான் தலையைச் சாய்க்கிறேன் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

இப்போது என் முறை. வென்சஸாக என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். எழுந்து நின்றேன். அவனைப் போல ஒரு காலை மடக்கிச் சுவரில் வைத்தேன். சேலை தடுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நான் போயிட்டா ஞாயித்துக்கிழம ஒனக்கு யாருக்கா இருக்கா? ரெண்டு பேருக்குப் பொங்க ஒனக்குத் தெரியாதுல்லா."

சொன்ன பிறகுதான், வென்சஸ் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கரண்டி நின்றது. வென்சஸ் துண்டால் முகத்தைத் துடைத்தான். துண்டை எடுக்காமலே, என் குரலிலேயே பேசினான்.

"எனக்கென்னடே. ஒன் மச்சான் இருக்காவ. கோயில் இருக்கு. ரெண்டு பேருக்குப் பொங்குதது என்ன பெரிய படிப்பா, படிச்சுக்கிடுவேன். நீ போ."

நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லி முடித்தான்.

பிறகு கஸ்பார் பேசினான். யாராகவும் பேசவில்லை.

"எனக்கு நடிக்க வராதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? இவன் என்னய மாதிரிச் செய்யதப் பாக்கத்தான் நான் எதுக்க நின்னேன். பாக்கதுக்கு அங்க போனாலும் டிவி இருக்கும்லா."

அப்புறம் நீ என்று கேட்க ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை. "நான் குடிச்சா அது நான் குடிச்சது. இவன் போனதுனால இல்ல. அத என் கணக்குல எழுது."

எழுதிவிட்டேன்.

பூசைக்கு நாலு பேரும் பிந்திப் போனோம். பாதம் கழுவி முடிந்திருந்தது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

சிலுவை முத்தி செய்தோம்.

மார்ச் 31, ஈஸ்டர்

எல்லாரும் சாப்பிட வந்தார்கள், கஸ்பாரின் பெண்டாட்டி, பிள்ளை உட்பட. விளமீன் பொரித்தேன். மக்ரூன் வாங்கியிருந்தேன். பெரிய பானை சரியாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு கஸ்பார் கேமராவை நிறுத்தினான். எதற்கென்று கேட்டதற்கு, சும்மா பார்க்கத்தான் என்றான். வென்சஸ் நிற்கிற இடத்தில் என் வீட்டுக்காரரை நிறுத்தி, மீசை வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது என்றான். "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்று சொல்லச் சொன்னான். அவர் மரண அறிவித்தல் படிப்பது போலச் சொன்னார். கஸ்பார் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே வெகு நேரம் யோசித்தான்.

"பரவால்ல மச்சான். இதுவும் ஒரு தினுசா இருக்கு."

வென்சஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனான். அவன் ஏற்கெனவே கழுவியிருந்தான். குழாய்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. கஸ்பார் போய்க் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அவனாகவே வந்தான், வந்து மச்சானுக்குப் புருவத்தை எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தான். வரவில்லை. இரண்டு புருவமும் சேர்ந்தே எழும்புகின்றன.

போகும்போது வென்சஸ், அக்கா தட்டினாயா என்று மட்டும் கேட்டான். நாளைக்கு ஆபீஸ் திறக்கும் என்றேன்.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் ஹரிணிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது அவளுடைய உரிமை. மார்ச் கடைசி என்று சொல்லியிருந்தாள், அது நேற்றோடு முடிந்தது.

எழுதி அனுப்பலாம் என்று கஸ்பாரிடம் யோசனை கேட்டேன். இன்று ஏப்ரல் ஒன்று, விளையாட்டு என்று நினைத்துவிடுவார்கள், நாளைக்கு அனுப்பு என்றான். நாளைக்கு என்ற சொல்லை இந்தத் தவக்காலத்தில் நான் போதுமான அளவு சொல்லிவிட்டேன். அனுப்பியதை இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

"ஹரிணி மேடம், வணக்கம். நான் வென்சஸின் அக்கா மெற்றில்டா. என் தம்பி எந்தத் தியானத்துக்கும் போகவில்லை, ஊரில்தான் இருந்தான். நீங்கள் கேட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. தாமதம் முழுக்க என்னுடையது, அவனுடையது இல்லை. அவன் வருவான். அவனுக்கு விருப்பம், எங்கள் எல்லாருக்கும் சம்மதம். அந்த இடம் இன்னும் இருக்கிறதா, வேறு ஆளைப் போட்டுவிட்டீர்களா என்று தெரிய வேண்டும். இல்லை என்றாலும் இல்லை என்றே எழுதுங்கள், அதை நானே அவனிடம் சொல்கிறேன். போன் என் கையிலேயே இருக்கிறது. தயவு செய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."